லாங்பிரிட்ஜைக் கழற்றி நான்ஜிங்கில் மாட்டியபோது

2005 ஏப்ரலில், பர்மிங்ஹாம் நகரின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் லாங்பிரிட்ஜ் ஆலை நின்றது. அதை நடத்திய எம்ஜி ரோவர் என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனம் திவாலாகி, ஏறத்தாழ 6,000 பேருக்கு வேலை போனது. ஜூலையில் சீனாவின் நான்ஜிங் ஆட்டோமொபைல் நிறுவனம் 53 மில்லியன் பவுண்டுக்கு ஆலையின் இயந்திரங்களையும் எம்ஜி என்ற பெயரையும் வாங்கியது. எம்ஜி டிஎஃப் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரின் லைனும் அதில் அடக்கம். எல்லாவற்றையும் கழற்றி, பெட்டியில் அடைத்து, கப்பலேற்றி, நான்ஜிங்கின் புகோ பகுதியில் மாட்டி, 2007 மார்ச் 27 அன்று புது ஆலையைத் திறந்தார்கள். இருபது மாதத்தில் இதைச் செய்தது பெரிய காரியம்.

ஆனால் ஆலை இடமாற்றம் பார்த்துப் பழகியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி வேறு. கழற்றும் முன் அந்த லைன் எப்படி ஓடியது என்பதற்கு என்ன பதிவு இருந்தது? வாங்கிய அன்றைக்கு லைன் நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. அதை ஓட்டியவர்கள் வீட்டில் இருந்தார்கள். இடமாற்றத்தில் வரும் கஷ்டங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கிறது.

முறையாகச் செய்யும்போது, லைன் நிற்பதற்குச் சில வாரம் முன்பே வேலை தொடங்கிவிடும். ஒவ்வொரு இயந்திரத்திலும் தொடர்ச்சியாக 50 உருப்படிகளை எடுத்து அளந்து, எந்த அளவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுதி வைப்பார்கள். நல்லது என்று கையெழுத்தான இரண்டு மூன்று கார் உடல்களை அப்படியே ஒதுக்கிவைப்பார்கள். வெல்டிங் ஜிக் (தகடுகளை வெல்டு செய்யும்போது இடம் மாறாமல் பிடிக்கும் சட்டம்) புது இடத்தில் நின்றபிறகு அதில் வரும் உடலை இவற்றோடுதான் ஒப்பிட வேண்டும். வரைபடம் மட்டும் போதாது. பத்து வருடம் ஓடிய ஜிக்கில் வரைபடத்தில் இல்லாத ஷிம்கள் இருக்கும். கதவு இடைவெளி சரியாக வரவில்லை என்று யாரோ ஒரு பிட்டர் என்றைக்கோ வைத்த 0.5 மி.மீ. தகடு அது. கழற்றும்போது அழுக்கென்று நினைத்துத் துடைத்தெறிந்தால், புது ஆலையில் கதவு உரசும். காரணம் கண்டுபிடிக்க மாதக்கணக்கு ஆகும்.

இந்தக் காரில் ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே லேசாகியிருந்தது. டிஎஃப்புக்கு முன்னோடியாக 1995-இல் வந்த எம்ஜிஎஃப் காரில் ஹைட்ராகாஸ் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் வாயுவும் திரவமும் அடைத்த உருண்டைகள். அதற்குத் தனி உருண்டைகள், லைனிலேயே திரவம் ஏற்றும் பம்ப், உருண்டை செய்து தரும் ஒரே ஒரு சப்ளையர் எல்லாம் வேண்டும். 2002-இல் டிஎஃப் என்று மாற்றியபோது சாதாரண காயில் ஸ்பிரிங் போட்டுவிட்டார்கள். ஹைட்ராகாஸோடு போயிருந்தால் நான்ஜிங்கில் பட்டபாடு இன்னும் ஒரு மடங்கு கூடியிருக்கும்.

கழற்றும் வேலைக்கு வருவோம். ஒயரை வெட்டுவதற்கு முன் இரண்டு நுனியிலும் ஒரே எண் எழுதிய டேக் கட்ட வேண்டும். ஒரு நுனியில் மட்டும் கட்டுவது அடிக்கடி நடக்கும் தப்பு. மாட்டும்போது அடுத்த நுனி எங்கே போகிறதென்று தெரியாது. இரண்டு பாகம் சேரும் இடத்தில் குறுக்கே பொருத்தக் கோடு கீற வேண்டும். ஹைட்ராலிக் எண்ணெயையும் கூலன்ட்டையும் முழுக்க வடித்து, குழாய் வாய்களை அடைப்பான் போட்டு மூட வேண்டும். துணி அடைத்தால் நூல் பிரிந்து வால்வுக்குள் போய்விடும். கடைந்த பரப்புகளில் துரு தடுக்கும் எண்ணெய் பூசி, துருத்தடுப்புத் தாள் சுற்றி, ஈரம் உறிஞ்சும் பைகளையும் போட வேண்டும். குளிர்ந்த ஊரில் மூடிய கண்டெய்னர் வெப்பக் கடலைத் தாண்டும்போது உள்ளே கூரையில் நீர் கோத்துச் சொட்டும். கப்பலிலிருந்து இறக்கும்போது ஸ்பிண்டிலில் (இயந்திரத்தின் சுழலும் தண்டில்) துரு பிடித்திருந்தால் அதைத் தேய்த்து எடுக்கலாம். ஆனால் துல்லியம் போய்விடும்.

பலர் மறப்பது பேட்டரியை. இயந்திரத்தை இயக்கும் அந்தக் காலத்து கன்ட்ரோலர்களில் புரோகிராமும் பாராமீட்டரும் சின்ன லித்தியம் பேட்டரியின் தயவில்தான் நினைவில் நிற்கும். இயந்திரம் தினமும் ஓடும்வரை பேட்டரிக்கு வேலை குறைவு. மெயின் சுவிட்சை அணைத்து ஒரு வருடத்துக்கு மேல் கிடத்தினால் அது செத்துப்போகலாம், கூடவே புரோகிராமும் போகும். எனவே கடைசியாக மின்சாரத்தை நிறுத்தும் முன் எல்லாவற்றையும் நகலெடுத்து, பாராமீட்டரைத் தாளிலும் அச்சடித்து, புது பேட்டரி போட்டுவிட வேண்டும். எட்டு மணி நேர வேலை இது. விட்டுவிட்டால், இயந்திரம் செய்தவனை வரவழைத்து மறுபடி எழுத வைக்கச் சில மாதம்.

மின்சாரமும் கவனிக்க வேண்டியது. இரண்டு நாட்டிலும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டார் வேகம் மாறாது. ஆனால் பிரிட்டனில் பழைய இயந்திரங்கள் 415 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை, சீனாவில் 380. அதே பாரத்தை இழுக்க மோட்டார் அதிக ஆம்பியர் எடுக்கும், சூடாகும். சில இயந்திரங்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் தனியாகவே தேவைப்படும்.

இறக்கியதும் அவசரப்படும் இடம் அஸ்திவாரம். கான்கிரீட் முழு பலம் பெற 28 நாள் வேண்டும். திறப்பு விழாத் தேதியைச் சொல்லி அதற்கு முன்னாலேயே இயந்திரத்தை உட்கார்த்தி போல்ட் முறுக்கினால், சில மாதத்தில் மட்டம் மாறும். கடைசல் இயந்திரத்துக்குச் சாதாரண ரசமட்டம் உதவாது. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மட்டம் வைத்துப் பார்க்க வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

இந்த நுணுக்கம் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க டிஎஃப் காரின் எஞ்சினைத் திறந்தால் போதும். 1.8 லிட்டர் கே சீரீஸ். சீட்டுக்குப் பின்னால் குறுக்காக உட்காரும். மேல்மூடியான ஹெட், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக், அடியில் போல்ட்கள் பிடித்துக்கொள்ளும் ஆயில் ரெயில் எல்லாவற்றையும் பத்து நீளமான போல்ட்கள் மேலிருந்து கீழ்வரை ஊடுருவி ஒரே அடுக்காகப் பிடித்துக்கொள்ளும். அவற்றை முறுக்கும் முறை: முதலில் 20 நியூட்டன் மீட்டர், பிறகு 180 டிகிரி, மறுபடி 180 டிகிரி. வரிசை தப்பக் கூடாது. சிலிண்டர் லைனர்கள் (பிஸ்டன் ஓடும் குழல்கள்) பிளாக்கில் கடைந்த ஒரு படியின்மேல் உட்காரும். அவற்றின் விளிம்பு பிளாக் பரப்புக்கு மேலே துளி தூக்கி நிற்க வேண்டும். நல்ல எஞ்சினில் அது 0.1 மி.மீ. அளவு. அந்தத் துளிதான் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை நசுக்கி நெருப்பை உள்ளே வைக்கிறது. படியைக் கடையும் இயந்திரம் ஒரு மயிரிழை ஆழமாகக் கடைந்தால் லைனர் அமிழ்ந்துவிடும். போல்ட் முறுக்கும் டார்க் ரெஞ்ச்சை எவ்வளவு சரியாகப் பிடித்தும் பயனில்லை.

கே சீரீஸ் என்றாலே ஹெட் கேஸ்கட் போகும் என்ற பேச்சு பிரிட்டன் முழுக்க உண்டு. அதற்குப் பல காரணம் சேர்ந்தது. ஹெட்டையும் பிளாக்கையும் நேர்படுத்தும் குச்சிகள் ஒரு காலத்தில் பிளாஸ்டிக், அதனால் ஹெட் துளித் துளியாக நகரும். கேஸ்கட்டில் கூலன்ட்டைத் தடுக்கும் ரப்பர் வரி உரிந்து வரும். கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் எஞ்சினுக்குத் தண்ணீர் நுழையும் பக்கம் இருப்பதால், அது திறக்கும்போது முன்பக்க ரேடியேட்டரில் கிடந்த குளிர்ந்த கூலன்ட் காரின் அடிவயிற்றில் ஓடும் நீளக் குழாய் வழியே வந்து சூடான எஞ்சினில் மோதும். எஞ்சினுக்குக் காற்று போகும் இன்லெட் மேனிஃபோல்டின் கேஸ்கட் மெல்லக் கசிந்து கூலன்ட் குறைந்தாலும், சென்சார் காற்றில் நின்றுவிட்டால் மீட்டரில் ஊசி அசையாது. ஓட்டுகிறவருக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

லாங்பிரிட்ஜ் வாங்கப்படும் முன்னமே, ஷாங்காயின் எஸ்ஏஐசி கார் நிறுவனம் 67 மில்லியன் பவுண்டுக்கு ரோவர் 25, 75 கார்களின் வடிவமைப்பு உரிமையையும் கே சீரீஸ் எஞ்சின் உரிமையையும் வாங்கியிருந்தது. அதாவது ஒருவர் கையில் வரைபடம், இன்னொருவர் கையில் இரும்பு. வரைபடம் வைத்திருந்தவர் பிரிட்டனின் ரிக்கார்டோ பொறியாளர்களோடு சேர்ந்து முதலிலிருந்து கருவிகள் செய்தார். இரும்பு வைத்திருந்தவர் அதைத் துடைத்து ஓட்டினார். 2007 டிசம்பரில் நான்ஜிங் நிறுவனத்தை எஸ்ஏஐசி எடுத்துக்கொண்டபிறகுதான் காகிதமும் இரும்பும் ஒரே வீட்டுக்கு வந்தன. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாக இரும்புக்கு ஆசைப்படுவார்கள். என் கணக்கில் வரைபடம் வாங்கியவர் செய்ததே சரி. பழைய இரும்போடு அதன் தேய்மானமும் சேர்ந்து வரும்.

இன்னொன்று, ஆலையை வாங்கினால் கார் முழுவதையும் வாங்கியதாகாது. விளக்கு, டேஷ்போர்டு, ரப்பர் பீடிங், சீட் ஃபோம் போன்றவற்றின் அச்சுகள் சப்ளையர் ஷெட்டில் கிடக்கும். அச்சுக்குப் பணம் கொடுத்தது கார் கம்பெனிதான் என்றாலும், பில் பாக்கி இருக்கும்போது சப்ளையர் அதை விட மாட்டார். திவாலான இடத்தில் பாக்கி இல்லாத சப்ளையர் ஏது? ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி மீட்க வேண்டும், இல்லையென்றால் புதிதாக அச்சு வெட்ட வேண்டும். பழைய அச்சு கிடைத்தாலும் உள்ளூர்த் தகடு கொஞ்சம் கடினமாக இருந்தால் அழுத்தியபிறகு பேனல் பின்வாங்கும். அச்சின் முகத்தை மறுபடி தேய்த்துச் சரிக்கட்ட வேண்டும்.

சென்னைக்கு இந்தக் கதையின் இரண்டு பழைய பிரதிகள் தெரியும். ரோவர் எஸ்டி1 காரை 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று சென்னையில் செய்தார்கள். உடலைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி, உள்ளே வான்கார்டு என்ற பழைய காரின் காலத்து 1991 சிசி எஞ்சினைப் போட்டார்கள். கார் சில வருடத்தில் நின்றது. அதற்கு முன் ராயல் என்ஃபீல்டு. லாங்பிரிட்ஜுக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் ரெடிச்சில் பிறந்த பைக். 1955-இலிருந்து முதலில் பாகங்களாக வந்து சென்னையில் கோக்கப்பட்டது, 1957-இல் கருவிகள் வந்தன, பிறகு படிப்படியாகத் திருவொற்றியூரிலேயே முழுதும் செய்தார்கள். முக்கியமானது, அந்த வருடங்களில் ரெடிச் ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகம் வந்தால் எழுதிக் கேட்க ஆள் இருந்தது. நான்ஜிங்குக்கு அந்த வசதி இல்லை. முன்பு லாங்பிரிட்ஜில் இருந்த சிலரை அழைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

2008 ஆகஸ்டில் டிஎஃப் லாங்பிரிட்ஜுக்கே திரும்பியது. வர்ணம் பூசிய உடல் நான்ஜிங்கிலிருந்து கப்பலில் வர, மிச்சத்தை அங்கே கோத்தார்கள். முதல் தொகுதி எல்இ500 என்ற பெயரில் 500 கார். 2011-இல் அதுவும் நின்றது. அந்தக் காரோடு வந்த எஞ்சினுக்கு என் சீரீஸ் என்று பெயர். அடிப்படை அதே கே சீரீஸ். பல அடுக்கு எஃகு கேஸ்கட், உறுதியான ஆயில் ரெயில் போட்டது. இன்றைக்கு பிரிட்டனில் பழைய எம்ஜிஎஃப் வைத்திருப்பவர் ஹெட்டைத் திறந்தால், மெக்கானிக் ஆர்டர் செய்யும் பட்டியலில் எஃகு நேர்குச்சிகள், பத்து புது போல்ட், ஆயில் ரெயில் இவற்றோடு அந்தச் சீனத்து எஞ்சினின் கேஸ்கட்டும் பெரும்பாலும் இருக்கிறது.