கடைசி இடத்துக்கு வருவது ஒரு திட்டமா?

2015 மார்ச் 26. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம். பஃபலோ சேபர்ஸ் அணியின் சொந்த அரங்கம், எதிரே அரிசோனா கொயோட்டீஸ். புள்ளிப் பட்டியலில் அடியில் கிடந்த இரண்டு அணிகள். ஆட்டம் 3-3 என்று ஓவர்டைமுக்குப் போகிறது, அரிசோனாவின் சாம் காக்னர் கோல் அடிக்கிறார், உடனே பஃபலோ ரசிகர்கள் பலர் சந்தோஷத்தில் கத்துகிறார்கள். தோற்றது அவர்களுடைய அணி! காரணம் கானர் மெக்டேவிட் என்ற பையன். அந்த வருஷ டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற ஏற்பாட்டில், முதலாவதாகப் போகப்போகிறவன் அவன்தான் என்று எல்லோருக்கும் தெரியும், முதல் தேர்வு யாருக்கு என்று முடிவுசெய்கிற லாட்டரியில் கடைசி இடத்தில் முடிக்கிற அணிக்கு வாய்ப்பு அதிகம்.

பஃபலோ கடைசி இடத்தில்தான் முடித்தது. லாட்டரியில் 20 சதவீத வாய்ப்பு அதன் கையில் இருந்தது. ஜெயித்ததோ 11.5 சதவீத வாய்ப்பு வைத்திருந்த எட்மன்டன்.

ஒரு அணி தொடர்ந்து தோற்க ஆரம்பித்தால் உடனே எல்லோரும் சொல்கிற வைத்தியம் ஒன்றுதான்: எல்லாவற்றையும் வித்துவிடு, இரண்டு மூன்று வருஷம் தோற்றுத் தொலை, டிராஃப்டில் நல்ல பையன்களாகப் பார்த்து எடு, எல்லாம் சரியாகிவிடும். நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிட்ஸ்பர்க் அப்படித்தானே மால்கினையும் கிராஸ்பியையும் பிடித்தது, சிகாகோ அப்படித்தானே டேவ்ஸையும் கேனையும் பிடித்தது என்று உதாரணம் வேறு காட்டுவேன். பஃபலோவைப் பார்த்த பிறகுதான் அந்த நம்பிக்கை போனது.

மெக்டேவிட்டுக்குப் பதில் கிடைத்த ஜாக் ஐக்கல் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை. முந்தைய வருஷம் எடுத்த சாம் ரைன்ஹார்ட்டும் இருந்தார். கொலராடோவிலிருந்து ரையன் ஓரைலியைக் கொண்டுவந்தார்கள். 2018ல் முதல் தேர்வே கிடைத்து ராஸ்மஸ் டாலின் வந்தார், 2021ல் மறுபடியும் முதல் தேர்வு, ஓவன் பவர். இவ்வளவு இருந்தும் 2011க்குப் பிறகு 2025 வரை தொடர்ந்து 14 சீசன் பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகள்) பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. என்.எச்.எல். வரலாற்றிலேயே இவ்வளவு நீளமான வறட்சி வேறு எந்த அணிக்கும் இல்லை. 32 அணிகளில் 16 அணிகள் பிளேஆஃப் போகிற லீக் இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அங்கிருந்து வெளியே போனவர்கள் என்ன ஆனார்கள்? தோற்பதே பழகிப்போய்விட்டது, ஆட்டத்தின் மேல் இருந்த ஆசையே சில சமயம் போய்விட்டது என்று 2018ல் சீசன் முடிந்ததும் மனம்விட்டுச் சொன்னார் ஓரைலி. அந்தக் கோடையிலேயே அவரை செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷமே லீக்கின் கோப்பையான ஸ்டான்லி கோப்பை, பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. ஐக்கல் 2021ல் வேகஸ் போனார், 2023ல் கோப்பை. ரைன்ஹார்ட் அதே 2021ல் ஃபுளோரிடா போனார், 2024 இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் வெற்றி கோலை அடித்தவரே அவர்தான். ஆக, நல்ல ஆட்டக்காரர்களைப் பார்த்து எடுக்க பஃபலோவுக்குத் தெரிந்திருந்தது. அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. (ஓரைலிக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவர் டேஜ் தாம்ப்சன், 2022-23ல் 47 கோல் அடித்தார். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நியாயமாக இருக்காது.)

அதனால் அணியைத் திரும்பக் கட்டப் போகிற எந்த ஜெனரல் மேனேஜரும் (ஆட்களை வாங்கி விற்பவர்) முதலில் எழுத வேண்டியது யாரை வைத்துக்கொள்ளப் போகிறோம் என்கிற பட்டியலைத்தான் என்பது என் கட்சி. விற்கிற பட்டியல் மிச்சத்திலிருந்து தானாக வந்துவிடும்.

லாட்டரிக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இப்போதைய விதிப்படி கடைசி இடத்து அணிக்கு முதல் தேர்வு கிடைக்க 25.5 சதவீதம்தான் வாய்ப்பு. அதாவது நாலில் மூணு தடவை கிடைக்காது. 2019-20ல் டெட்ராய்ட் வெறும் 17 ஆட்டம் ஜெயித்து லீக்கிலேயே கடைசி, கிடைத்தது நாலாவது தேர்வு. சரி, லாட்டரி திரும்பத் திரும்பக் கைகொடுத்தாலாவது போதுமா என்றால் எட்மன்டனைப் பாருங்கள். 2010, 2011, 2012 என்று வரிசையாக மூன்று முதல் தேர்வு. டெய்லர் ஹால், ரையன் நூஜென்ட்-ஹாப்கின்ஸ், நெயில் யாகுபோவ். அதற்கப்புறமும் 2017 வரை பிளேஆஃப் கிடையாது. ஹாலை 2016ல் ஒரு டிஃபென்ஸ்மேனுக்காக நியூ ஜெர்சிக்குக் கொடுத்தார்கள், 2018ல் லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கினார் அவர்.

இதில் ஒரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. 18 வயதில் டிராஃப்ட் ஆகிறவனுக்கு முதல் ஒப்பந்தம் மூன்று வருஷம், சம்பளம் குறைவு. ஏழு சீசன் முடிந்தாலோ 27 வயது ஆனாலோ அவன் எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம். பதினெட்டிலேயே அணிக்குள் வந்தவன் 25 வயதில் சுதந்திரப் பறவை. அந்த ஏழு வருஷத்தில் ஐந்தைத் தோற்றே கழித்தால் ஆறாவது வருஷம் அவன் வீட்டில் யோசனை ஆரம்பித்துவிடும், நாம் யாராயிருந்தாலும் அதையேதான் செய்வோம்.

அப்படியானால் யாரை வைத்துக்கொள்வது? 24 வயதுக்குள் இருக்கிற நல்ல சென்டர், நல்ல டிஃபென்ஸ்மேன், இதில் விவாதமே வேண்டாம். விவாதம் வருவது முப்பதைத் தாண்டிய, பெரிய பெயர் இல்லாத, வருஷத்துக்கு இருபது பாயிண்ட் (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுக்கிற ஆட்கள் விஷயத்தில். மார்ச் மாத டிரேட் கெடு (ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) நெருங்கும்போது முதலில் விற்றுத் தள்ளுவது இவர்களைத்தான், டிராஃப்டில் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வுக்காக. எனக்கு இது பிடிப்பதே இல்லை.

ஏன் என்று ஒரு காட்சியில் சொல்கிறேன். எதிரணி பக்கை (ஆடுகிற வட்டு) உள்ளே தள்ளிவிடுகிறது, அது வளைவில் சுற்றி கோலுக்குப் பின்னால் போகிறது. 19 வயது டிஃபென்ஸ்மேன் அதை எடுக்கத் திரும்பி ஓடுகிறான். முதுகுக்குப் பின்னால் நூறு கிலோ ஃபார்வர்ட் ஒருவர் முழு வேகத்தில் வருகிறார். பக்கைத் தொடுவதற்குள் பையன் இரண்டு தடவையாவது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், ஆனால் பயத்தில் பக்கையே பார்த்துக்கொண்டு போவான். அப்போது ஜோடியாக ஆடுகிற மூத்தவர் பின்னாலிருந்து ஒரே ஒரு வார்த்தை கத்துவார். 'வீல்' என்றால் நிற்காமல் கோலைச் சுற்றிக்கொண்டு போ, 'ரிவர்ஸ்' என்றால் வந்த வழியிலேயே சுவரோரமாகப் பக்கைத் திருப்பி விடு, 'ஓவர்' என்றால் எனக்குத் தள்ளு. அரை விநாடி முன்னால் அந்தக் குரல் வந்தால் பக் பத்திரமாக வெளியே வரும், வராவிட்டால் பையன் சுவரில் மோதி விழுவான், பக் நம் கோலுக்கு முன்னால் கிடக்கும். ஒரு சீசனுக்கு எண்பதுக்கும் மேல் ஆட்டம், ஒவ்வொன்றிலும் இது பலமுறை நடக்கிறது. அந்தக் குரலை மூன்றாம் சுற்றுத் தேர்வுக்கு விற்றுவிட்டு, பையன் வளரவில்லையே என்று இரண்டு வருஷம் கழித்துக் கவலைப்பட்டு என்ன பிரயோஜனம்?

விற்க வேண்டியவர்களை விற்கத்தான் வேண்டும், அதில் கொலராடோ செய்ததை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். 2016-17ல் அந்த அணி புள்ளிப் பட்டியலில் எடுத்தது வெறும் 48 பாயிண்ட். லாட்டரியிலும் நாலாவது இடத்துக்குச் சறுக்கியது. மாட் டுஷேன் தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். கோடை முழுக்க ஜெனரல் மேனேஜர் ஜோ சாக்கிக் அசையவில்லை. கிடைத்த விலைக்குத் தள்ளிவிடு என்று எல்லாப் பக்கமும் சத்தம், டுஷேனுக்கும் முகம் சுருங்கிப்போயிருந்தது, புது சீசனும் ஆரம்பித்துவிட்டது. நவம்பர் 5, நியூயார்க் ஐலண்டர்ஸுடன் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, முதல் பகுதியிலேயே டுஷேன் பெஞ்சை விட்டு எழுந்து உள்ளே போகிறார். பேரம் முடிந்துவிட்டது! ஒட்டாவா, நாஷ்வில் இரண்டையும் சேர்த்த முக்கோண பேரம். கொலராடோவுக்கு வந்ததில் சாமுவேல் ஜிரார்ட் ஒருவர், ஒட்டாவாவின் முதல் சுற்றுத் தேர்வும் ஒன்று. அந்தத் தேர்வு கைக்கு வருவதற்குள் ஒட்டாவா 2018-19ல் கடைசி இடத்துக்கே போய்விட, கொலராடோ நாலாவதாக போவன் பைரமை எடுத்தது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுப்பது என்றால் இதுதான்.

ஆனால் மெக்கினன், லாண்டெஸ்காக், ரண்டனன் மூவரையும் யாருக்கும் கொடுக்கவில்லை, கவனியுங்கள். 48 பாயிண்ட் எடுத்த பயிற்சியாளர் ஜாரெட் பெட்னரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்தச் சறுக்கிய நாலாவது தேர்வில் வந்தவர் கேல் மகார். அடுத்த வருஷமே 95 பாயிண்ட், 2022ல் கோப்பை. பஃபலோ இதே மாதிரிக் காலத்தில் பயிற்சியாளர்களை மாற்றிக்கொண்டே இருந்து, 2013ல் தான் வெளியே அனுப்பிய லிண்டி ரஃபையே 2024ல் திரும்பக் கூட்டிவந்தது.

கோல்கீப்பர் விஷயத்தில் என் கருத்து சின்னது: முதல் சுற்றில் அவசரப்பட வேண்டாம். பெரிய கோல்கீப்பர்களான ஹெலபக் 130வது, ஷெஸ்டெர்கின் 118வது, சாரோஸ் 99வது தேர்வாக வந்தவர்கள். கோல்கீப்பர்கள் மெதுவாகத்தான் பழுப்பார்கள், வருஷம் ஒருவரை எடுத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். ஃபார்வர்டுகளிலும் அதிர்ஷ்டம் கீழே கிடக்கிறது, டாம்பாவின் குசெரோவ் 58, பிரேடன் பாய்ண்ட் 79. லாட்டரிக்காகத் தோற்பதை விட ஸ்கவுட்டுகளுக்கு (இளம் திறமைகளைத் தேடிப் போகிறவர்கள்) செலவழிப்பது எவ்வளவோ மேல்.

கடைசியாக, பணம். தோற்கிற அணியிடம் இருக்கிற உண்மையான சொத்து, ஒரு அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பில் காலியாக இருக்கிற இடம். 2022 ஆகஸ்டில் கால்கரி, நசெம் காட்ரியை வாங்க இடமில்லாமல் திணறியது. இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து, ஒரு வருஷ ஒப்பந்தம் மிச்சமிருந்த ஷான் மோனஹனை மான்ட்ரியலிடம் கொடுத்து, எடுத்துக்கொண்டதற்குக் கூலியாக ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்தது. மான்ட்ரியல் அவரைப் பொறுமையாகத் தேற்றி, குறைந்த சம்பளத்துக்கு இன்னொரு வருஷம் வைத்துக்கொண்டு, 2024 பிப்ரவரியில் வினிபெக்குக்கு அனுப்பியது. அதற்கும் ஒரு முதல் சுற்றுத் தேர்வு! ஒரே ஆளை வாங்கும்போதும் லாபம், விற்கும்போதும் லாபம். உச்சவரம்பு மூன்று சீசன் 8.15 கோடி டாலரிலேயே நின்று, அப்புறமும் சொட்டுச் சொட்டாக ஏறிய காலம் அது. 2025-26ல் 9.55 கோடிக்கு வந்துவிட்டதால் இப்படிப்பட்ட பரிசுகள் இனி இவ்வளவு சுலபமாக விழாது என்று நினைக்கிறேன். ஆனாலும் யாராவது ஒரு மேனேஜர் எப்போதும் அவசரத்தில்தான் இருப்பார்.

கால்கரி கொடுத்த அந்தத் தேர்வு என்ன ஆனது தெரியுமா? மான்ட்ரியல் 2025ல் பிளேஆஃப் போய், முதல் சுற்றில் வாஷிங்டனிடம் தோற்றது. அந்த ஜூனில் அதே தேர்வையும், தன்னுடைய முதல் சுற்றுத் தேர்வையும், கூட எமில் ஹைனமனையும் ஐலண்டர்ஸிடம் கொடுத்து 25 வயது நோவா டாப்சனை வாங்கி, எட்டு வருஷத்துக்குக் கையெழுத்தும் போட வைத்தது. சேர்த்து வைத்ததை எப்போது செலவழிப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.