பூர்வீக டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தேன், வெவரம் இதுதான்

நாங்க சேலம் அம்மாபேட்டை, வீட்ல சௌராஷ்ட்ரா பேசுவோம். குஜராத்ல கிளம்பி விஜயநகரம் வழியா வந்தவங்க நாமன்னு பெரியப்பா எந்த விசேஷத்துலயும் ஆரம்பிச்சுடுவாரு, சரி பாத்துடலாம்னு எனக்கும் அம்மாவுக்கும் ஆன்லைன்ல கிட் ஆர்டர் போட்டேன். கம்பெனி பேரு வேணாம்.

எச்சில் எடுக்கறதுதான் பெரும்பாடு. அரை மணி நேரம் முன்னாடி இருந்தே காபி, பாக்கு எதுவும் கூடாது, அம்மாவுக்கு வாய் காஞ்சு போச்சு. பச்ச மாங்காவ நெனச்சுக்கோம்மான்னு சொல்லி, கன்னத்த தேச்சுவிட்டு, டியூப்ல கோடு வரைக்கும் வந்துடுச்சுன்னு பாத்தா பாதிக்கு மேல நுரை, நுரை கணக்குல வராதாம்!

ரிசல்ட்ல எனக்கு தென்னிந்தியா நிறைய, குஜராத் கொஞ்சம், எங்கிருந்தோ மத்திய ஆசியா 3%. அம்மாவுக்கு அது இல்ல, அப்போ அப்பா வழியா இருக்கும்னு நெனச்சு, அதே ரா டேட்டாவ (டெஸ்ட்ல வந்த டிஎன்ஏ எழுத்துங்களோட ஃபைல்) டவுன்லோட் பண்ணி, அத ஒப்பிட்டுப் பாக்கற ஜெட்மேட்ச்ங்கற வெப்சைட்ல ஏத்தினா அங்க அந்த 3% காணவே காணோம்.

தோண்டிப் படிச்சப்பதான் புரிஞ்சுது. ஜீனோம்ல, அதாவது நம்ம முழு டிஎன்ஏவுல, சுமார் 300 கோடி எழுத்து இருக்கு, இந்த மாதிரி டெஸ்ட்டுங்க பாக்கறது சில லட்சம் இடம்தான். அத இன்னைக்கு வாழ்ற ஜனங்ககிட்ட எடுத்த சாம்பிள் பட்டியலோட ஒப்பிட்டு, யாரோட அதிகமா ஒத்துப்போகுதுன்னு கணிக்கறாங்க. அந்தப் பட்டியல்ல இந்தியாக்காரங்க கம்மி, பட்டியல மாத்தினா நம்ம சதவீதமும் மாறிடும். 2019ல கனடா சிபிசி டிவிக்காக ஒரே மாதிரி ரெட்டையர் ரெண்டு பேரு 5 கம்பெனில டெஸ்ட் எடுத்தாங்க, ஒரே கம்பெனியே ரெண்டு பேருக்கும் வேற வேற சதவீதம் குடுத்துச்சு. பெரியப்பா சொல்ற வழியெல்லாம் இதுல தெரியவே தெரியாது.

அம்மா-பொண்ணு, அண்ணன்-தம்பி மாதிரி நெருங்கின உறவ கரெக்டா காட்டுது, அத குறை சொல்ல மாட்டேன். தூரத்து கசின் லிஸ்ட்ட மட்டும் அப்படியே நம்பாதீங்க, காலங்காலமா உள்ளுக்குள்ளயே பொண்ணு குடுத்து எடுக்கற சமூகத்துல யாரப் பாத்தாலும் கிட்டத்து சொந்தம் மாதிரிதான் காட்டும்.

டெஸ்ட் எடுத்தவங்க, உங்க டேட்டாவ அழிக்கச் சொல்லி கம்பெனிகிட்ட கேளுங்க. இதே மாதிரி டெஸ்ட் பண்ற அமெரிக்க கம்பெனி 23அண்ட்மீல 2023ல சுமார் 69 லட்சம் பேரோட தகவல் வெளிய போச்சு, 2025 மார்ச்ல அந்த கம்பெனியே திவால் மனு போட்டுச்சு. டேட்டா வேற, எச்சில் சாம்பிள் வேற, ரெண்டுக்கும் தனித்தனியா எழுதிக் குடுங்க. எனக்கு டேட்டா அழிச்சதா உடனே மெயில் வந்துச்சு, சாம்பிளுக்குத்தான் விடாம கேட்டு வாங்க வேண்டியதா போச்சு.