பாலைப்பழக் காலத்தில் வில்பத்து

"புலி பார்க்கப் போறன்" என்று பெரியம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "சத்தமாச் சொல்லாதையடா" என்றார் முதலில். பிறகுதான் சிரித்தார். யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் எவருக்கும் முதலில் விலங்கு நினைவுக்கு வருவதில்லை. அதனால் சிறுத்தை என்றே எழுதிவிடுகிறேன். அதுதான் சரியும்கூட. இலங்கைக் காட்டில் வரிப்புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. சிங்கம் இருப்பது கொடியிலும் கோயில் வாகனத்திலும்தான். இந்தத் தீவின் பூனையினத்தில் மிகப்பெரியது சிறுத்தைதான். வேறெங்கும் இல்லாத இந்தக் கிளையினத்துக்கு 1956இல் தெரணியகல என்ற விலங்கியலாளர் புலியைக் குறிக்கும் 'கொட்டியா' என்ற சிங்களச் சொல்லையே அறிவியல் பெயராக வைத்தார்.

ஆனி மாதம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பாலைப்பழம் வந்து, கையெல்லாம் பிசுபிசுத்துக்கொண்டிருந்த நாட்கள். நாங்கள் நான்கு பேர், ஒரு பழைய வான். வில்பத்துக் காட்டின் ஹுணுவிலகம வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும் என்பதால் முதல் நாளே புறப்பட்டு, நொச்சியாகமவில் தங்குவது என்று முடிவு. ஏ9 வீதியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, வெயில்தான்.

கிளிநொச்சியைக் கடக்கும்போது வானுக்குள் பேச்சு நின்றது. நான்கு பேருமே நினைத்தது ஒன்றைத்தான். 2018 ஜூன் மாதம் இங்கே அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை ஊருக்குள் வந்தது. பத்துப் பேர் அளவில் காயப்பட்டார்கள். கடைசியில் சனம் சூழ்ந்து அதை அடித்தே கொன்றது. செத்த உடலோடு நின்று படம் எடுத்தார்கள். அந்த வீடியோ அன்று பின்னேரமே என் போனுக்கும் வந்தது. நான் அதை முழுதாகப் பார்த்தேன், இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பினேன். பிறகு சிலர் கைதானதைப் பத்திரிகையில் படித்தபோது, ஏதோ பிற ஊர்ச் செய்தியைப் போலப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டோம். அங்கே கச்சான் வாங்காமல் போகிறவர் யாழ்ப்பாணத்தவராக இருக்க முடியாது.

அடுத்த நாள் விடிய ஜீப். ஓட்டுநர் சிங்களவர்; என்னுடையது கடைத்தெருச் சிங்களம். அவர் 'கொட்டியா' என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை, 'திவியா' என்றே சொன்னார். சிங்களத்தில் சிறுத்தைக்கு அதுவும் சரியான பெயர்தான். ஆனாலும் நாங்கள் எந்த ஊர் என்று கேட்டறிந்த பிறகு, பெரியம்மாவுக்கு இருந்த அதே கூச்சம் அவருக்கும் வந்திருக்குமோ என்று தோன்றியது.

வில்பத்து 1938இல் தேசியப் பூங்கா ஆனது. 1,317 சதுர கிலோமீற்றர். போரால் 1988இல் மூடி 2003இல்தான் மறுபடி திறந்தார்கள், அதன் பிறகும் ஒருமுறை மூட வேண்டியிருந்தது. காட்டுக்குள் 'வில்லு' எனப்படும் இயற்கைக் குளங்கள் இருக்கின்றன. மழைநீர் தேங்கும் பள்ளங்கள், சுற்றிலும் வெண்மணல், அதற்கப்பால் பாலை மரமும் வீரை மரமும். பணிக்கர் வில்லு என்று ஒன்று. கடலோரமாகப் போனால் குதிரைமலை, அல்லிராணி கதை சொல்லும் இடம். பெயர்களைக் கேட்கக் கேட்க வெளியூருக்கு வந்த உணர்வே போய்விட்டது.

காலை முழுதும் சிறுத்தை இல்லை. புள்ளிமான், மயில், ஒரு பாலை மரத்தில் பழத்துக்காக ஏறியிருந்த கரடி. எங்கள் சந்தைப் பழத்துக்குப் போட்டியாளர் யார் என்று அப்போதுதான் தெரிந்தது. மணலில் சிறுத்தையின் கால்தடம் மட்டும் கிடைத்தது. ஓட்டுநர் இறங்காமலே குனிந்து பார்த்து, "இண்டைக்கு விடிய" என்றார், தமிழில்.

நாலரை மணிக்கு, திரும்பலாம் என்று இருந்தபோது அது வந்தது. முன்னால் வெண்மணல் பாதையில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு பெண் சிறுத்தை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டு முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போகிறவர் நடை. நடுவில் நின்று ஒரு பக்கமாகத் திரும்பியபோது புள்ளிகள் தெரிந்தன. எந்த இரண்டு சிறுத்தைக்கும் ஒரே புள்ளி அமைப்பு இருக்காது. ஆய்வாளர்கள் தானியங்கிக் கமெராப் படங்களில் அதைப் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள், எண்ணுகிறார்கள். எண்ணிக் கணித்தவரை இலங்கை முழுவதும் வளர்ந்த சிறுத்தைகள் ஆயிரத்துக்கும் குறைவு. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு புதருக்குள் போய்விட்டது. ஆபிரிக்காவில் போல இரையை மரத்தில் ஏற்றி வைக்குமா என்று கேட்டேன். இங்கே அது குறைவு என்றார் ஓட்டுநர். பறித்துத் தின்ன சிங்கமோ கழுதைப்புலியோ இல்லை, எவருக்குப் பயப்பட வேண்டும்?

பயப்பட வேண்டியது கம்பிக்குத்தான். காட்டுப்பன்றிக்கோ மானுக்கோ கட்டும் சுருக்குக் கண்ணியில் சிறுத்தை போய் மாட்டிக்கொள்கிறது. உதறி இழுக்க இழுக்கக் கம்பி இன்னும் இறுகும். 2020 மே மாதம் மலைநாட்டு நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் கழுத்தில் கண்ணி இறுகிக் கிடந்தது. கருஞ்சிறுத்தையை எங்கள் நாட்டில் காண்பதே அரிது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் செத்துப்போனது. கண்ணி கட்டியவர் அதைத் தேடிக் கட்டவில்லை. அதுதான் எனக்குக் கரைச்சல். துவக்கோடு வருகிறவன் என்றால் திட்டலாம்.

திரும்பும் வழியில் கிளிநொச்சிப் பக்கம் உள்ளே இருக்கும் அத்தான் வீட்டில் இரவு தங்கினோம். போனில் படம் காட்டினேன். தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி, அவ்வளவுதான்.

"உதைப் பாக்கவோ இவ்வளவு காசு குடுத்தனீ?" என்றார். "எங்கடை பக்கத்துக் காட்டிலையும் இருக்கு. போன மாசம் நாயைக் கொண்டுபோட்டுது."

கைகழுவப் பின்பக்கம் போனேன். கொட்டிலின் வளையில், மண்வெட்டிக்குப் பக்கத்தில், பழைய பிறேக் கம்பி ஒரு சுருள் தொங்கியது. நான் பார்ப்பதை அத்தானும் பார்த்தார்.

"அது பண்டிக்கு" என்றார். "கச்சான் முழுக்கக் கிண்டிப்போட்டுது. கடன் வாங்கிப் போட்டது."

"சிறுத்தை மாட்டினால், அத்தான்?"

"மாட்டினா அறிவிக்கலாம். ஆக்கள் வாறத்துக்கிடையிலை ஊரே கூடிடும். பிறகு என்ன நடக்குமெண்டு உனக்குத் தெரியாதே?"

தெரியும். வீடியோவில் பார்த்திருக்கிறேன். வேலி போட என்ன செலவாகும் என்று கேட்டேன். கணக்குச் சொன்னார். பாதி நான் தருகிறேன் என்றேன், பெரிய மனிதன் மாதிரி. அவர் ஒன்றும் சொல்லாமல் பந்தலுக்குப் போய்ப் பாலைப்பழச் சட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். விடிந்து வானில் ஏறும்போது எட்டிப் பார்த்தேன். கம்பி அங்கேயேதான் இருந்தது.