பழைய ஈ46: முதலில் ரப்பரும் பிளாஸ்டிக்கும், பவர் அப்புறம்

என்னிடம் இருப்பது பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் ஈ46 தலைமுறை செடான். 330 மாடல், பெட்ரோல், மேனுவல் கியர். பானெட்டுக்குக் கீழே எம்54 என்ற நேர்வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜின்: 2979 சிசி, 5900 ஆர்பிஎம்மில் 231 குதிரைத்திறன், 3500 ஆர்பிஎம்மில் 300 நியூட்டன் மீட்டர் டார்க். இருபது வயது தாண்டிய வண்டி. வாங்கியதிலிருந்து இதில் என்னென்ன செய்தேன், எந்த வரிசையில் செய்தேன், எது பலன் தந்தது என்பதை எழுதி வைக்கிறேன். அதே காலத்து ஈ39 (5 சீரிஸ்), ஆடி ஏ4, மெர்சிடிஸ் சி கிளாஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதில் நிறைய பொருந்தும்.

ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். புதிதாக வந்தபோது இந்த வண்டி எப்படி ஓடியதோ, அந்த நிலைக்கு முதலில் வரட்டும். அதுவரை எந்த அப்கிரேடும் கிடையாது. தேய்ந்த புஷ்ஷை (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளையை) அப்படியே விட்டுப் புது ஷாக் அப்சார்பர் மாட்டினால், அந்த ஷாக் நல்லதா இல்லையா என்றே கண்டுபிடிக்க முடியாது. அதோடு, சஸ்பென்ஷன் பக்கம் ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும். கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்தது.

தொடங்கியது கூலிங்கில். எம்54-இன் பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். ஒருமுறை நன்றாக ஓவர்ஹீட் ஆனால் ஹெட் வளையும். அதைவிட மோசமாக, ஹெட் போல்ட் பிடித்திருக்கும் பிளாக்கின் மரையே உருவிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் ஹெட்டைச் சமப்படுத்திப் புது கேஸ்கெட் போட்டாலும் போல்ட் இறுகாது. துளையைப் பெரிதாக்கி இரும்பு இன்சர்ட் வைக்க வேண்டும். இப்படிப்பட்ட இன்ஜினுக்குக் கூலன்ட் போய்வரும் பாதையில் பாதி பிளாஸ்டிக். ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகள், எக்ஸ்பான்ஷன் டேங்க், தெர்மோஸ்டாட் ஹவுசிங், ஹோஸ் முனைகளில் இருக்கும் கிளிப் கனெக்டர்கள் எல்லாமே வருஷக்கணக்கில் சூடு தின்று நிறம் மாறி, விரலால் அழுத்தினால் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். என் டேங்கின் மூடி 2 பார் வரை அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வகை. அந்த அழுத்தத்தில் முதிர்ந்த பிளாஸ்டிக் சொட்டுச் சொட்டாகக் கசிந்து எச்சரிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, ஒரேயடியாகப் பிளந்துவிடலாம்.

டேஷ்போர்டில் இருக்கும் வெப்பநிலை முள்ளை நம்பியும் இருக்க முடியாது. கூலன்ட் 75 டிகிரியைத் தொட்டதிலிருந்து 110-ஐத் தாண்டும் வரை அந்த முள் நடுவிலேயே நிற்கும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அது வலப்பக்கம் நகரும்போது நிலைமை கைமீறத் தொடங்கியிருக்கும். நல்லவேளையாக மீட்டருக்குள்ளேயே மறைவாக ஒரு டெஸ்ட் மெனு இருக்கிறது. வின் எண்ணின் (வண்டியின் அடையாள எண்) கடைசி ஐந்து இலக்கங்களைக் கூட்டி, டெஸ்ட் 19-இல் அந்த எண் வரும்போது பட்டனை அழுத்தினால் பூட்டு திறக்கும். அதன்பின் டெஸ்ட் 7-இல் கூலன்ட் வெப்பநிலை டிகிரியில் அப்படியே தெரியும். ஈ46 வாங்கும் யாரும் முதல் நாளே பழக வேண்டியது இது.

ரேடியேட்டர், டேங்க், மூடி, மேல் கீழ் ஹோஸ்கள், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பெல்ட்டுகள், டென்ஷனர், புல்லிகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றினேன். ஒன்றைக் கழற்ற வேண்டுமானால் மற்றதையும் கழற்றியே ஆக வேண்டும். தவிர, ஒரு ஹோஸை மட்டும் புதிதாக்கினால் அதே அழுத்தம் அடுத்த பழைய இடத்தைப் போய்த் தாக்கும். வாட்டர் பம்பில் உலோக இம்பெல்லர் உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். பிளாஸ்டிக் இம்பெல்லர் தண்டிலிருந்து விட்டுப்போனால், வெளியே புல்லி ஒழுங்காகச் சுற்றும், உள்ளே கூலன்ட் நகராது. என் வண்டியைப் போல மெக்கானிக்கல் ஃபேன் உள்ளவற்றில் அதன் 32 மில்லிமீட்டர் நட் இடது மரை. வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும்.

காற்றை வெளியேற்றுவதில் பொறுமை வேண்டும். வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, இக்னிஷனை ஆன் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் அதன் ஃபேனைக் குறைந்த வேகத்திலும் வைத்தால்தான் ஹீட்டர் பாதை திறக்கும். அப்புறம் டேங்க் ஓரத்தில் இருக்கும் பிளீட் திருகைத் தளர்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை மெதுவாக ஊற்ற வேண்டும். நீல நிறக் கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த நீர் பாதி. நிரப்பி முடித்ததும் கைப்பம்பு டெஸ்டரை மாட்டி 1.5 பார் ஏற்றிவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்கவே இல்லை.

இந்தத் தெர்மோஸ்டாட்டின் வேலையைக் கவனிப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. நிதானமாக ஓட்டும்போது 97 டிகிரி வரை விட்டுவைக்கும். ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்தால், உள்ளே இருக்கும் சிறு ஹீட்டருக்கு இசியூ (இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி) மின்சாரம் கொடுத்து மெழுகைச் சூடாக்கி, வால்வை முன்கூட்டியே திறக்கவைக்கும். டெஸ்ட் 7-இல் எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அடுத்தது காற்றுக் கசிவு. ஐடிலில் லேசான நடுக்கம் இருந்தது. ஸ்கேனரில் பி0171, பி0174 என்ற கோடுகள். இரண்டும் சொல்வது ஒன்றுதான்: கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஏன் என்று அவை சொல்லாது. இந்தக் கோடுகளைப் பார்த்தவுடன் பலரும் உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சரை வாங்கிவிடுகிறார்கள். அதற்குமுன் ஃபியூயல் டிரிம்மை, அதாவது இசியூ பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தத்தை, ஸ்கேனரில் படித்தால் பணமும் மிஞ்சும், நேரமும் மிஞ்சும். ஐடிலில் திருத்தம் அதிகமாக இருந்து, 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைக்கும்போது குறைந்தால் எங்கோ விரிசல் வழியாகக் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான், அதனால் சின்ன விரிசல் வழியே வருவதுகூட அதில் பெரிய பங்காகிவிடும். அதற்கு நேர்மாறாக, லோடு கூடக் கூடத் திருத்தமும் ஏறினால் ஃபியூயல் ஃபில்டர், பம்ப், சென்சர் என்று தேட வேண்டும்.

என் வண்டி முதல் வகை. இன்டேக்குக்குள் புகை விட்டுப் பார்த்ததில், சென்சருக்கும் திராட்டிலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயின் அடிப்பக்க மடிப்பில் விரிசல். மேலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத இடம். கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் ஹோஸ் ஒன்றும் உடைந்திருந்தது. அந்த ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் செபரேட்டரையும் அதன் ஹோஸ்களையும் மொத்தமாக மாற்றினேன். இன்டேக் மேனிஃபோல்டைச் சுற்றிக் கையை நுழைத்துச் செய்ய வேண்டிய வேலை. இந்த வண்டியில் நான் செய்ததிலேயே அதிகம் எரிச்சலூட்டியது இதுதான். கையோடு டிசா வால்வையும் கழற்றிப் பார்த்தேன். இன்டேக் பாதையின் நீளத்தை மாற்றும் சிறு மடல் அது. தேய்ந்து ஆட ஆரம்பித்தால் அதன் பின் கழன்று இன்ஜினுக்குள்ளேயே போய்விடும். என்னுடையதில் ஆட்டம் தெரிந்ததால், உலோகப் பின் உள்ள ரிப்பேர் கிட் போட்டுக்கொண்டேன்.

வேனோஸ் சீல்களையும் அந்தச் சமயத்திலேயே முடித்தேன். வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம் ஷாஃப்ட்டுகளின் டைமிங்கையும் ஆயில் அழுத்தத்தால் நகர்த்தும் அமைப்பு அது. அதற்குள் இருக்கும் சிறு பிஸ்டன்களைச் சுற்றியுள்ள ஓ-ரிங் சூட்டில் கெட்டிப்பட்டுச் சுருங்கினால் அழுத்தம் கசியும், குறைந்த ஆர்பிஎம்மில் பிக்கப் மந்தமாகும். சூடு தாங்கும் விட்டான் ரிங் போட்ட பிறகு 2000 முதல் 3000 வரை வண்டி இழுக்கும் விதமே மாறிவிட்டது. இங்கேயும் ஒரு இடது மரை உண்டு: பிஸ்டனைத் தண்டோடு பிடிக்கும் சிறு திருகு. வால்வ் கவர் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் இரண்டும் கசிந்தன, மாற்றினேன். ஆயில் பிஎம்டபிள்யூவின் எல்எல்-01 தரத்தில் 5டபிள்யூ30, ஆறரை லிட்டர்.

இனி சஸ்பென்ஷன். இந்த வண்டியை நான் விரும்பி வாங்கியதே ஸ்டியரிங்குக்காகத்தான், ஆனால் கைக்கு வந்தபோது அந்த ஸ்டியரிங்கில் ஒரு மழுப்பல் இருந்தது. வேகத்தில் பிரேக் பிடித்தால் நடுங்கும். தேய்ந்த பள்ளம் உள்ள சாலையில் இடம் வலமாக இழுபடும். முன்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் பின்முனையைப் பிடிக்கும் புஷ்தான் முதல் சந்தேகம். கழற்றிப் பார்த்தபோது ரப்பர் கிழிந்து, நடுக்குழாய் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பால் ஜாயின்ட்டுகளும் தளர்ந்திருந்ததால் ஆர்ம்களையே முழுதாக மாற்றினேன். இந்தப் புஷ்ஷை ஆர்மின் முனையில் ஏற்றும்போது பெட்ரோலிய எண்ணெயோ கிரீஸோ தொடக் கூடாது, ரப்பரைக் கெடுக்கும். சோப்புத் தண்ணீர் போதும். ஏற்றியதும் தாமதிக்காமல் வண்டியைச் சக்கரத்தில் இறக்கிவிட வேண்டும். ஈரம் காய்ந்து புஷ் பிடித்துக்கொள்வதற்குள் அது சரியான கோணத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பின்சக்கரத்தைத் தாங்கும் டிரெய்லிங் ஆர்மின் புஷ்ஷிலும் இதே கோணப் பிரச்சினை உண்டு. சஸ்பென்ஷன் வேலையில் அதிகம் கவனம் தேவைப்படும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். இந்த ரப்பர் புஷ், பேரிங் மாதிரி சுழலாது. நடுவில் உள்ள குழாயோடு ரப்பர் ஒட்டியிருக்கிறது, ஆர்ம் ஏறி இறங்கும்போது அது முறுக்கிக்கொள்ளும், திரும்பி வரும். வண்டி ஸ்டாண்டில் நிற்க, சக்கரம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதுமே ரப்பர் முறுக்கிய நிலைக்குப் போய்விடும். அப்படியே ஓடினால் சீக்கிரம் கிழியும். அதனால் தூக்குவதற்கு முன்பே, சமதரையில், ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டேன். போல்ட் இறுக்கும் நேரத்தில் ஹப்புக்குக் கீழே ஜாக் வைத்து அதே அளவு வரும்வரை உயர்த்தி, அப்புறம்தான் டார்க் ரெஞ்ச்சை எடுத்தேன்.

பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்பவர்கள் நிறைய பேர். டிரெய்லிங் ஆர்மில் அதை நான் போட மாட்டேன். அந்த இடத்தில் புஷ் மேலும் கீழும் மட்டும் நகர்வதில்லை, பக்கவாட்டிலும் சாய வேண்டியிருக்கிறது. கெட்டியான பொருள் அங்கே ஆர்மை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நல்ல தரமான ரப்பரோடு, பக்கவாட்டு அசைவைக் குறைக்கும் மெல்லிய வாஷர் ஒன்றைச் சேர்த்தேன். வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டியின் பின்புறம் தானாகவே ஸ்டியரிங் பிடிப்பது போன்ற உணர்வு முன்பு இருந்தது, அது சுத்தமாகப் போய்விட்டது.

வீல் அலைன்மென்ட்டையும் எடை ஏற்றித்தான் செய்தேன். முன் இருக்கைகளில் தலா 68 கிலோ, பின் இருக்கையின் நடுவில் 68, டிக்கியில் 21, டேங்க் நிறைய பெட்ரோல். இந்த மாடலுக்கான அலைன்மென்ட் அளவுகள் அந்த நிலைக்காகக் கொடுக்கப்பட்டவை. வெறும் வண்டியில் பார்த்தால் உயரம் மாறும், உயரம் மாறினால் கோணங்களும் மாறும்.

பிரேக்கில் பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. முன்னால் 325 மில்லிமீட்டர், பின்னால் 320 மில்லிமீட்டர் டிஸ்க்குகள். சாலைக்கு இது தாராளம். புது டிஸ்க், நல்ல பேட், புது ரப்பர் ஹோஸ், புது டாட் 4 ஃபுளூயிட். டாட் 4-இன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி; ஈரம் உறிஞ்சிய பிறகு தர வரம்பே 155-தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். காலிப்பரின் கைடு பின்கள் ரப்பருக்குள் காய்ந்த நிலையில் நகர வேண்டியவை, அவற்றைத் துடைத்து மட்டும் போட்டேன், கிரீஸ் வைக்கவில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் முதல் உண்மையான அப்கிரேடு: பில்ஸ்டீன் பி6 டேம்பர்கள் (ஷாக் அப்சார்பர்கள்), வண்டி வந்த அதே உயரத்து ஸ்பிரிங்கோடு. மேல் மவுண்ட்டுகளையும் கூடவே மாற்றினேன். வண்டியை இறக்கும் எண்ணமே எனக்கு இல்லை. உயரம் குறைந்தால் ஸ்பிரிங் நகர இடம் குறையும், பம்ப் ஸ்டாப்பில் முட்டும், மேடுபள்ளச் சாலையில் சக்கரம் தரையை விட்டு எழும். பி6 போட்டபின் சிறு குலுக்கல்கள் முன்பைவிடச் சற்று அழுத்தமாகத் தெரிகின்றன. ஆனால் வேகத்தில் அலையலையான சாலையில் வண்டி ஒரே அசைவில் அடங்குகிறது. கீழே எல்லாப் புஷ்ஷும் புதிது என்பதால் அது டேம்பரின் வேலை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பவர் பற்றிக் கேட்பவர்களுக்கு: எம்54-இல் டர்போ கிடையாது, எனவே ரீமேப் (இசியூ மென்பொருள் மாற்றம்), இன்டேக், எக்ஸாஸ்ட் மாற்றங்களால் கிடைப்பது சொற்பம். எனக்கு அந்த ஆசையும் இல்லை. ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் செடான்களில் நான் மிகவும் மதிக்கும் கார்களில் ஒன்று மெர்சிடிஸ் 190ஈ 2.3-16. காஸ்வொர்த் என்ற இன்ஜின் நிறுவனம் வடிவமைத்த 16 வால்வ் ஹெட் கொண்டது. 1983-இல் இத்தாலியின் நார்டோ வட்டத்தடத்தில் 50,000 கிலோமீட்டரை மணிக்கு ஏறத்தாழ 248 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஓடிச் சாதனை படைத்தார்கள். விற்பனைக்கு வந்தபோது அதன் திறன் 185 குதிரைத்திறன்தான். சூட்டையும் உராய்வையும் அத்தனை தூரம் தாங்கி ஓடியதே அந்தக் காரின் பெருமை. என் வண்டியிலும் நான் தேடுவது அந்தத் தாங்கும் சக்தியைத்தான்.

மிச்சமிருப்பது பின் சஸ்பென்ஷனையும் டிஃப்ரன்ஷியலையும் தாங்கும் சட்டமான சப்ஃபிரேம், பாடியில் பொருந்தும் இடம். ஈ46-இல் அந்தத் தகட்டில் மவுண்ட்டைச் சுற்றி விரிசல் விடுவது எல்லோரும் அறிந்த பலவீனம். அடிப்பகுதியைக் கழுவி, நான்கு இடங்களையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். இதுவரை விரிசல் தெரியவில்லை. சீலன்ட் பூச்சுக்கு அடியில் ஒளிந்திருக்கலாம் என்பதால் அதைச் சுரண்டிப் பார்த்தால்தான் நிச்சயம். சப்ஃபிரேமை இறக்கி, விரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வலுவூட்டும் தகடுகளை வெல்டிங் செய்துவிடத் தீர்மானித்திருக்கிறேன். இறக்கும்போது சப்ஃபிரேமின் நான்கு புஷ்கள், டிஃப்ரன்ஷியல் புஷ்கள், அங்கே ஓடும் பிரேக் பைப்புகள் எல்லாம் கைக்கு எட்டும், அவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுவேன். தகடுகள் வந்துவிட்டன. வெல்டிங் தெரிந்தவரிடம் பேசியாகிவிட்டது, அவர் நேரம் சொன்னதும் வேலையைத் தொடங்க வேண்டும்.