சிட்னியில் நிற்கும் 'அட்வான்ஸ்' ரோந்துப் படகு

சிட்னி டார்லிங் துறைமுகத்தில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 'வாம்பயர்' நாசகாரிக் கப்பலையும் 'ஆன்ஸ்லோ' நீர்மூழ்கியையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் போனது 'அட்வான்ஸ்' என்ற சின்ன ரோந்துப் படகைப் பார்க்க.

நீளம் 33 மீட்டர்கூட இல்லை. முன்பக்கம் ஒரு 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கி, அப்புறம் இயந்திரத் துப்பாக்கிகள், அவ்வளவுதான் ஆயுதம். இதற்குள் சுமார் 19 பேர் சமைத்து, தூங்கி, காவல் பார்த்திருக்கிறார்கள்.

மலேசியாவோடு இந்தோனேசியா மோதிய 1960களில், ரோந்துக்கு, கடற்கண்ணிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பல்களையே ஆஸ்திரேலியா அனுப்ப வேண்டியிருந்தது. காவலுக்கென்றே தனிப் படகுகள் வேண்டும் என்று முடிவாகி, 'அட்டாக்' வகையில் 20 கட்டினார்கள். குவீன்ஸ்லாந்தின் மேரிபரோவில் உருவான அட்வான்ஸ் 1968 ஜனவரியில் பணியில் சேர்ந்தது. டார்வினிலிருந்து கிளம்பி, வடக்குக் கடலில் அத்துமீறி மீன்பிடிக்கும் படகுகளைப் பிடிப்பது அதன் முக்கிய வேலை. பிறகு ஒரு தொலைக்காட்சித் தொடரிலும் வந்தது. பலருக்கு அதனால்தான் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது 1974 கிறிஸ்துமஸ்.

டிசம்பர் 24 இரவு டிரேசி புயல் டார்வினை நோக்கி வந்தபோது அட்வான்ஸ், அசெயில், அட்டாக், ஆரோ என நான்கு ரோந்துப் படகுகள் அங்கே இருந்தன. கரையில் கட்டிக் கிடந்தால் உடைந்துபோகும் என்று துறைமுகத்துக்குள், புயல்காலத்தில் படகுகளைக் கட்டிவைக்கும் மிதவைகளுக்குப் போனார்கள். நள்ளிரவுக்குப் பிறகு காற்று மணிக்கு 217 கிலோமீட்டரைத் தொட்டது. அதோடு விமானநிலையத்தின் காற்றுமானியே பழுதாகிவிட்டது. மிதவையிலிருந்து அறுத்துக்கொண்ட ஆரோ, ஸ்டோக்ஸ் ஹில் துறைமேடையில் மோதி மூழ்கியது. இரண்டு மாலுமிகள் இறந்தார்கள். அட்டாக் தரைதட்டியது. அட்வான்ஸும் அசெயிலும் தப்பின. ஒரே அளவு, ஒரே அமைப்பு. ஒன்று பிழைக்கிறது, ஒன்று மூழ்குகிறது. அந்த நாலு படகுகளையும் சேர்த்து நினைக்காமல் இந்தப் படகை என்னால் பார்க்க முடியவில்லை.

'அட்டாக்' வகையில் ஐந்து படகுகள் பப்புவா நியூகினிக்குப் போயின, சில இந்தோனேசியாவுக்கு. அவற்றுக்குப் பதிலாக வந்த 'ஃப்ரீமேன்டில்' வகைப் படகுகள் இதைவிடப் பெரியவை, சுமார் 42 மீட்டர். அட்வான்ஸ் 1988இல் அருங்காட்சியகத்துக்கு வந்தது.

நீங்கள் போனால் துறைமேடையில் நின்று, அதன் தளம் தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். டிரேசி இரவில் அந்த உயரத்தில்தான் அவர்கள் விழித்திருந்தார்கள்.