அப்பா பெயர் இல்லாமல் மகளுக்குக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்கினோம்

மகளின் நாகரிக்தா, அதாவது குடியுரிமைச் சான்றிதழ், போன வாரம் கைக்கு வந்தது. ஐந்து மாத அலைச்சல். நேபாளத்தில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் மற்ற அம்மாக்களாவது இப்படி அலையக் கூடாது.

2006 ஏப்ரலில் மன்னர் ஞானேந்திராவின் ஆட்சியை எதிர்த்து 19 நாள் தெருவில் நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். அந்த வருடக் கடைசியிலேயே, அம்மா நேபாளியாக இருந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்று சட்டம் வந்தது. அடுத்த வருடம் மகள் பிறந்தாள். அவள் அப்பா அதற்கு முன்பே என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்ன பெயர், ஊர் இரண்டுமே பொய் என்று தேடிப் போனபோதுதான் தெரிந்தது. சரி, சட்டம் இருக்கிறதே என்று நம்பியிருந்தேன்.

வார்டு அலுவலகத்தில் சிபாரிசுக் கடிதம் கேட்டேன். குமாஸ்தா விண்ணப்பத்தில் தந்தை பெயருக்கான கட்டத்தைப் பென்சிலால் வட்டமிட்டு என் பக்கம் தள்ளினார். "பஹினி (தங்கச்சி), இதை நிரப்பிட்டு வாங்க." தெரியாது என்றேன். "அப்பா இல்லாம பிள்ளை பிறக்குமா?" வரிசையில் பின்னால் யாரோ சிரித்தார்கள். மகள் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தாள். அன்று வெறுங்கையோடு திரும்பினோம்.

அடுத்த முறை இன்னொருவர் பரிவாகப் பேசி, "இறந்துட்டார்னு எழுதிடுங்க, சுலபம்" என்றார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், அவருடைய நாகரிக்தா கேட்பார்கள். பொய் உறுதிமொழிக்குத் தண்டனையும் உண்டு. எல்லாத் தாளிலும் 'அடையாளம் தெரியவில்லை' என்று ஒரே மாதிரி இருக்கட்டும்.

மூன்றாவது முறை, 2015 அரசியலமைப்பின் 11(5) பிரிவையும் 2023-இல் வந்த சட்டத் திருத்தத்தையும் அச்செடுத்துக் கொண்டுபோனேன். அப்பாவை அடையாளம் காண முடியாவிட்டால் அம்மாவும் பிள்ளையும் உறுதிமொழி கொடுத்தால் போதும் என்ற வரியில் விரல் வைத்து, சத்தமாகப் படித்தேன். குமாஸ்தா தாளை வாங்கி உள்ளே போனார். அரை மணி நேரத்தில் கடிதம் வந்தது.

அப்புறம் சர்ஜமின். அக்கம்பக்கத்தார் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் பயந்தது இதற்குத்தான், ஆனால் எதிர்வீட்டு தீதி (அக்கா) அடுப்பை அணைத்துவிட்டு முதல் ஆளாக வந்தார். மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் ஒரே நாளில் முடிந்தது.

ஒன்று மட்டும் இன்னும் ஆறவில்லை. பிள்ளையை அழைத்துவரும் அப்பாவிடம் அம்மா யாரென்று உறுதிமொழி கேட்பதில்லை. என் மகளின் அப்பா நாளைக்கு வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்தால், அவளுடைய வம்சாவளிக் குடியுரிமையும் அங்கீகாரக் குடியுரிமையாக, அதாவது பிறப்பால் வராமல் அரசு வழங்கும் குடியுரிமையாக, மாறிவிடும்.

நாகரிக்தா கைக்கு வந்த அன்று சாயங்காலமே மகள் கடைக்குப் போய்த் தன் பெயரில் சிம் கார்டு வாங்கினாள். அதிலிருந்து முதல் அழைப்பு எனக்கு. பக்கத்து அறையிலிருந்துதான்.