அம்மாவின் தோலுக்கடியில் ஊர்ந்தவை

பாம்பனில் பாசி எடுக்கும் பெண்களுக்கு உடம்பு அரிப்பது புதிதல்ல என்பதால், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரிக்கொழுந்துப் பாசி பறித்த என் அம்மா தம் தோலுக்கடியில் பூச்சி ஊர்வதாகச் சொன்னபோது நாங்களும் நம்பினோம். சொறி சிரங்கு என்று எண்ணிப் பெர்மெத்ரின் களிம்பை வீட்டில் எல்லோரும் இரண்டு முறை பூசினோம். துணிகளையெல்லாம் வெந்நீரில் அலசினோம். அரிப்பு நின்றபாடில்லை. அம்மா மண்ணெண்ணெய் தடவத் தொடங்கினார். முன்கையை ஊசியால் கிளறிக் கிளறிப் புண்ணாக்கினார்.

பிடித்த பூச்சிகளைத் தீப்பெட்டியில் சேர்த்துக்கொண்டு போனார். முதலில் பார்த்த மருத்துவர் சிரித்துவிட்டதால் இரண்டு மாதம் எந்த மருத்துவமனைக்கும் வர மறுத்தார். ஏர்வாடிக்கு அழைத்துப் போகும்படி உறவினர்கள் சொன்னார்கள். 2001 ஆகஸ்டில் அங்கே மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை மறவாத அப்பா அதற்கு இசையவில்லை.

இராமநாதபுரத்தில் இரண்டாவதாகப் பார்த்த தோல் மருத்துவர் பெட்டியிலிருந்தவற்றை வெள்ளைத்தாளில் கொட்டி, லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நூல் பிசிறு, காய்ந்த பொருக்கு, மணல். அதை அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றுக்கு இரத்தம் எடுக்கச் சொன்னார். இவற்றில் கோளாறு இருந்தாலும் ஊர்வதுபோல் தோன்றுமாம். எல்லாம் சரியாக இருந்தன.

மனநல மருத்துவரிடம் போகவேண்டும் என்றதும், "எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று அம்மா எழுந்துவிட்டார். ஆனால் அந்த மனநல மருத்துவர் பூச்சி உண்டா இல்லையா என்று வாதாடவே இல்லை. அரிப்பும் உறக்கமின்மையும் மெய் என்றார். தருவது மனநோய்க்கான மருந்துதான், அளவு மட்டும் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. மருந்தை உணவில் கலந்து கொடுத்துவிடலாமா என்று நான் கேட்டதற்கு அவர் என்னைக் கடிந்துகொண்டது சரியென்றே இப்போது படுகிறது. முன்பு இதற்குப் பிமோசைடு கொடுப்பார்களாம். அது இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் ரிஸ்பெரிடோனை இரவில் அரை மில்லிகிராமில் தொடங்கி ஒரு மில்லிகிராமாக்கினார்.

மூன்றாம் வாரத்தில் கை லேசாக நடுங்கியது. அளவைக் குறைத்ததும் நின்றது. ஆறாம் வாரம் முன்கைப் புண்கள் ஆறத் தொடங்கின. பூச்சியே இருந்ததில்லை என்று அம்மா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. மாத்திரைக்குச் செத்துப்போயின என்கிறார். நாங்கள் மறுப்பதில்லை, ஆமோதிப்பதுமில்லை. மாதந்தோறும் இராமநாதபுரத்துக்குப் பேருந்து ஏறுகிறோம்.